தம்பியின் வலது கால்

பச்சை விளக்கு விழுந்த பிறகும் அவர் வண்டியை எடுக்க மாட்டார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன் அலறும். லோரிக்காரன் தலையை வெளியே நீட்டி மலாயில் நம் பரம்பரையையே இழுப்பான். இவர் பாட்டுக்கு ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்த பிறகுதான் கியர் விழும்.

“அண்ணே, பச்சை விழுந்து பழுத்தே போச்சு. எடுங்களேன்.”

“இரும்மா. பின்னால யாராச்சும் வந்துக்கிட்டு இருப்பாங்க.”

பின்னால் வருகிறவன்தான் அண்ணே ஹாரன் அடிக்கிறான் என்றால் ஒரு சிரிப்பு சிரிப்பார். அவ்வளவுதான் பதில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சுங்கை பூலோவில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக இருக்கிறவள். வாயைத் திறங்கள் என்றால் திறக்க வேண்டும், கொப்பளியுங்கள் என்றால் கொப்பளிக்க வேண்டும். காத்திருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவள், தலை நரைத்த ஒரு பேஸ் கிட்டார்க்காரரின் பின்னால், அவருடைய ஓட்டை வேனில், கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குமாக வருஷக்கணக்கில் அலைந்தேன். “அம்மா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று என் மகள் கேட்பாள். இல்லைதான். என்ன இப்போது?

அவர் பெயரை எழுதப்போவதில்லை. விளம்பரத் தாளில் தன் பெயரைப் போட்டாலே கூச்சப்படுகிற ஆள். எங்களுக்கு அவர் ‘பேஸ் அண்ணன்’. இளமையில் கிள்ளானில் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார். தமிழில் ராக். கோயில் திருவிழா மேடையில் அவர்கள் ஏறினால் பெரிசுகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்களாம், பையன்கள் நாற்காலி மேல் ஏறி நிற்பார்களாம். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதோடு அந்த பேண்ட் கலைந்துவிட்டது. பிறகு அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனார். கிரேன் ஓட்டிக்கொண்டே யார் கூப்பிட்டாலும் போய் வாசித்தார். ஹோட்டலில் பழைய ஆங்கிலப் பாட்டு வாசிக்கும் பேண்ட், கல்யாணப் பார்ட்டி பேண்ட், கொஞ்ச நாள் ஒரு தேவாலயத்தின் பாட்டுக் குழு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகன் வயதுப் பையன்கள் நாலு பேரோடு மறுபடியும் தமிழ் ராக். நாங்கள் எல்லாரும் அந்தப் பிற்கால பேண்டுகளுக்குச் சேர்ந்த கூட்டம்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் எல்லாம் இல்லை. ஒரு வேனும் ஒரு காரும் பிடித்தால் எல்லாரும் அடங்கிவிடுவோம். பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பி என்பதால் ‘நாலு கம்பி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஊரே பாடகனைப் பார்த்துக் கத்தும்போது நாங்கள் மட்டும் மேடையின் இடது ஓரத்தில், அவர் நிற்கும் பக்கமாக ஒதுங்கி நிற்போம். தெரியாதவர்கள் எங்களைப் பார்த்து, டிக்கெட் வாங்கியும் இடம் கிடைக்காதவர்கள் என்று பாவப்படுவார்கள்.

நான் அந்த ஓரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு ஜொகூருக்குப் போய்விட்ட சமயம் அது. சொந்தக்காரப் பெண்ணின் கல்யாண விருந்துக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். போகாவிட்டால் பேசுவார்கள், போனாலும் பேசுவார்கள் என்கிற நிலைமை. மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலி. கோழிக்கறியைக் கிளறிக்கொண்டு இருக்கிறேன், பேண்ட் ஒரு மெதுவான பாட்டை எடுத்தது. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் ‘டும்’ என்று விழுந்தது. அடுத்து, ஒரே ஒரு இமைப்பொழுது தள்ளி, பேஸ் கம்பி விழுந்தது. என் வயிற்றில் கேட்டது அது. மறுபடியும் டும். மறுபடியும் ஓர் இமை நின்று, கம்பி. எல்லாரும் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்ட மாதிரியும், ஒருத்தர் மட்டும் நின்று, ‘வா, வா, நான் இருக்கேன்’ என்று சொன்ன மாதிரியும் இருந்தது. கல்யாண வீட்டில் அழுதால் நல்லாவா இருக்கும்? கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, அந்தக் கம்பி யாருடையது என்று தேடிப் பார்த்தேன். மேடையில் விளக்கு விழாத இடத்தில், தொப்பையும் வெள்ளைச் சட்டையுமாக, டிரம்காரரின் காலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

பாடகனையும் பார்க்க மாட்டார், கூட்டத்தையும் பார்க்க மாட்டார். எந்த பேண்டாக இருந்தாலும் அவர் கண் டிரம்காரரின் வலது காலில்தான் இருக்கும்.

அந்த ‘ஓர் இமை’யைப் பற்றி எங்கள் குழுவில் நடக்காத சண்டை இல்லை. குமரன் என்று ஒரு பையன், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. எங்களில் அவனுக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியும். “அக்கா, அங்கிள் லேட்டா வாசிக்கல, லேட்டா வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாரு. அதுக்கு எவ்ளோ கன்ட்ரோல் வேணும் தெரியுமா?” என்பான். வெளிநாட்டு பேஸ்காரர்கள் நாலு பேர் பெயரைச் சொல்லி, அவர்களையெல்லாம் இவர் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார் என்பான். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். எனக்கு அந்த ஓர் இமை போதும், அதன் விஞ்ஞானம் வேண்டாம்.

அந்த ஓர் இமையால் அவதிப்பட்டவன் டேனியல்தான். கடைசி பேண்டின் டிரம்காரன். நல்ல பையன், நல்ல கை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அதில் ‘டிக் டிக்’ என்று கேட்கும் தாளத்துக்கு அச்சுப் பிசகாமல் அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானில் ஒத்திகை. நாங்கள் இரண்டு மூன்று பேர் கட்டுச்சோறு வாங்கிக்கொண்டு போயிருந்தோம். பாட்டின் நடுவிலேயே டேனியல் குச்சியை மடியில் போட்டுவிட்டான்.

“அங்கிள், இழுக்கிறீங்க லா. நான் ஒரு பக்கம் ஓடுறேன், நீங்க என் சட்டையைப் புடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு.”

“நான் உன் காலோடதான்பா வர்றேன்.”

“இல்ல அங்கிள். கால் விழுந்தப்புறம் வரீங்க.”

“இல்லையே” என்றார் அவர். முகத்தில் பொய்யே இல்லை. “கால் விழுறப்பதான் விழுது. எனக்குக் கேக்குதே.”

டேனியல் எங்களைப் பார்த்தான். நாங்கள் சோற்றைப் பார்த்தோம். விசிறிகள் வேறு என்ன செய்ய முடியும்?

வேன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கச்சேரி முடிந்து சாமான் எல்லாம் ஏற்றி, ஆள்களும் ஏறி, கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. சாத்த மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே இருந்து யாராவது, “அண்ணே, எல்லாரும் ஏறியாச்சு!” என்று குரல் கொடுக்க வேண்டும். “ஏறியாச்சா?” என்று ஒருமுறை கேட்பார். “ஏறியாச்சு, ஏறியாச்சு!” அப்போதும் கதவை அவர் தொட மாட்டார். உள்ளே இருப்பவர்கள்தான் இழுத்துச் சாத்துவோம். சாப்பாட்டுக் கடையிலும் அதே கூத்துதான். கடைசி ஆளின் இலையில் சோறு விழும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ரசம் ஆறிப் போகும்.

ஒருநாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டு இருந்தோம். பெடரல் ஹைவேயில் நல்ல மழை, நல்ல நெரிசல். முன்னால் அவரும் நானும் மட்டும். பின்னால் முழுக்க ஒலிபெருக்கிப் பெட்டிகள். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்ததில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அது என்ன அண்ணே, வேன் கதவுல உங்களுக்கு ஷாக் அடிக்குதா? ஒரு நாளாச்சும் நீங்க சாத்தி நான் பாத்ததில்லையே.”

அவர் சிரிக்கவில்லை. வைப்பர் போய்ப் போய் வந்தது.

“என் தம்பி தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது. தம்பி இருந்ததே தெரியாது.

முதல் பேண்டில், அந்தக் கேசட்டிலும், டிரம் வாசித்தவன் அந்தத் தம்பிதான். சின்ன வயதில் பந்து விளையாடி வலது கால் உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்த கால். “மிதிப்பான்மா. நல்லாத்தான் மிதிப்பான். ஆனா அந்தக் கால் கொஞ்சம் யோசிச்சுத்தான் மிதிக்கும்” என்றார். மற்றவர்கள் வேறு டிரம்காரனைப் பார்ப்போம் என்றார்களாம். இவர்தான் பிடிவாதமாகத் தம்பியை வைத்துக்கொண்டு, அவன் கால் விழுகிற நேரத்துக்குத் தன் விரலைப் பழக்கிக்கொண்டார். பேஸும் டிரம்மும் ஒன்றாக விழுந்துவிட்டால் கேட்கிறவனுக்கு யார் லேட் என்று தெரியாதாம். அவன் காலை யாரும் குறை சொல்லக் கூடாது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

“அன்னிக்கும் இதே ரோட்டுலதான். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஷோ. அவன் குளிச்சிட்டு வரேன்னான், சட்டையத் தேடுறேன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. எப்பப் பாத்தாலும் இவனோட இதே தொல்லை, மோட்டார் சைக்கிள்ல வரட்டும்னு நாந்தான் வேன் கதவச் சாத்தினேன். போலாம்னு சொன்னேன். மழைம்மா அன்னிக்கு.”

முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

“மேடையில ஏறி, கிட்டார மாட்டிட்டு, அவன் வந்துருவான் வந்துருவான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். ஒருத்தரு வந்து சொன்னாரு, லோரி இடிச்சிருச்சுன்னு.”

முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்து, எங்களுக்கு முன் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டது. அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த ஒரு தடவை நான் ‘எடுங்கள்’ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சொல்லவில்லை. இதை நான் குழுவில் யாரிடமும் சொல்லவும் இல்லை. வாட்ஸ்அப்பில் போடுகிற விஷயமா அது?

அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று குமரன்தான் ஆரம்பித்தான். பிரிக்பீல்ட்ஸில் மாடியில் ஒரு சின்ன மண்டபம். பொன்னாடை, மாலை, பெரிய கேக்கில் சர்க்கரையால் செய்த கிட்டார். இதெல்லாம் இல்லாமல் நமக்குப் பாராட்டத் தெரியாது. அவர் மாட்டேன் மாட்டேன் என்று பார்த்தார். “உங்களுக்காக இல்ல அண்ணே, எங்களுக்காக” என்று நான்தான் மடக்கினேன். மனைவியோடு வந்தார். அந்த அக்கா பட்டுச் சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாற்பது வருஷமாக விளக்கு விழாத இடத்தில் நின்ற மனிதருக்கு ஒரு நாளாவது விளக்கு விழட்டுமே!

நாலைந்து பேர் பேசி முடித்த பிறகு குமரன் மடிக்கணினியோடு மேடை ஏறினான். “இன்னிக்கு அங்கிளோட ரகசியத்த உடைக்கப் போறேன்” என்றான். எங்களுக்கே தெரியாமல் வைத்திருந்த ஆச்சரியமாம்.

அண்ணனும் டேனியலும் இருந்த பேண்ட் அந்த வருஷம் அண்ணனின் பழைய கேசட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்திருந்தது. குமரன் அதைத் தனித்தனிக் கருவியாகப் பதிவு செய்து வைத்திருந்தான். முதலில் அண்ணனின் பேஸை மட்டும் ஒலிக்கவிட்டான். எல்லாரும் விசில். அடுத்து அதோடு டேனியலின் டிரம்மைச் சேர்த்தான். “கேட்டீங்களா? அங்கிள் லேட்டு. ஒவ்வொரு அடியும், ஒரே அளவு லேட்டு.” டேனியல் எழுந்து நின்று கும்பிட்டான். சிரிப்பு. “இப்பப் பாருங்க. டேனியல எடுத்துர்றேன். பழைய கேசட்ல இருந்து டிரம்ம மட்டும் பிரிச்சு எடுத்து, அதே வேகத்துக்குக் கொண்டாந்திருக்கேன். அத இது கூட வைக்கிறேன்.”

வைத்தான்.

கேசட் இரைச்சலோடு ஒரு கால் டிரம் விழுந்தது. அதே நொடியில், ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை, பேஸ் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். இரண்டு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. மண்டபமே எழுந்துவிட்டது. கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல். “அங்கிள் இன்னும் அந்த பழைய பீட்லதான் வாசிக்கிறாரு! அதான் அந்த மேஜிக்!” என்று குமரன் கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர். பாவம், அவனுக்கு அன்பு மட்டும்தான் தெரியும், மற்றது தெரியாது.

தட்டப் போன என் கை பாதியில் நின்றுவிட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். மாலையும் பொன்னாடையுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டு நின்றதும் குமரனைக் கூப்பிட்டார். மைக் திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“தம்பி, இந்த பேஸு எப்ப வாசிச்சது?”

“போன மாசம் அங்கிள்.”

“போன மாசமா?”

“ஆமா அங்கிள். கிள்ளான்ல.”

தலையை ஆட்டிக்கொண்டார். பேசச் சொன்னபோது “நன்றி” என்று ஒரே வார்த்தை. பிறகு கிட்டாரை மாட்டிக்கொண்டார், டேனியல் டிரம்மில் உட்கார்ந்தான், அதே பாட்டு. டேனியலின் கால் விழுந்தது. கூடவே பேஸும் விழுந்தது. சரியாக. அச்சு மாதிரி சரியாக. டேனியல் சந்தோஷத்தில் வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தான். மண்டபம் தலையை ஆட்டி ரசித்தது. இடது ஓரத்தில் நின்ற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குமரனின் முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஓர் இமை இல்லை.

அடுத்த கச்சேரியிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பேண்ட் இப்போதுதான் கச்சிதமாக இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை, ஏதோ கல்யாணம் என்று வராமல் போனார்கள். நானும் குமரனும்தான் மிச்சம். பிறகு ஒருநாள் அவரும் வரவில்லை. அவர் இடத்தில் வேறு ஒரு பையன் நின்று வாசித்தான். உடம்புக்கு முடியவில்லையாம்.

அந்த அக்கா எனக்குப் போன் பண்ணினார். “ஒருவாட்டி வந்துட்டுப் போம்மா. சாப்பிட மாட்டேங்கறாரு. நீ திட்டினா கேப்பாரு.”

திட்டுவதற்குத்தான் போனேன். கிள்ளானில் வரிசை வீடு. ஞாயிறு மத்தியானம், வெயில் கொளுத்துகிறது. முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே, சட்டையில்லாமல், கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்கம்பி இணைக்காத கிட்டார். தட்டினால் முனகல்தான் வந்தது.

“வாம்மா. நல்ல நேரத்துல வந்த. காலால தட்டு.”

“என்னண்ணே?”

“தரையில தட்டு. வலது காலால.”

தட்டினேன். அவர் கம்பியைத் தட்டினார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. தலையை ஆட்டினார்.

“அப்படி இல்ல. கொஞ்சம் யோசிச்சுத் தட்டு.”

யோசித்துத் தட்டினேன். எனக்கு எங்கே வரும் அது? வேகமாகப் போனேன், தடுமாறினேன், மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் பிந்திப் பார்த்தார், முந்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாதியில் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார்.

“வேணும்னு லேட்டா வந்தா அது நாந்தாம்மா. அது அவன் இல்ல.”

“விடுங்கண்ணே. சாப்பிடலாம் வாங்க.”

“எனக்குத் தெரியாதும்மா” என்றார். “சத்தியமா தெரியாது. எல்லா டிரம்காரங்க காலோடயும் சரியாத்தான் விழுறேன்னு நெனச்சேன். எல்லா பேண்டுலயும் எனக்கு அவன் காலுதான் கேட்டிருக்கு. ஹோட்டல்லயும், சர்ச்லயும், அந்த டேனியல் பையன் வாசிக்கிறப்பயும். இத்தன வருஷம் அவன் எங்கூடவே வாசிச்சிருக்கான். அந்த விழா வரைக்கும் வந்திருக்கான்மா. இருந்தப்ப எனக்குத் தெரியல. தெரிஞ்ச அன்னிக்கு அவன் போயிட்டான்.”

“அண்ணே...”

“இப்ப கேக்கவே மாட்டேங்குது. டேனியல் காலுதான் கேக்குது.”

கிட்டாரைப் பாயில் சாய்த்து வைத்தார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, “டேய் தம்பி” என்றார். அவ்வளவுதான். வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். நெஞ்சு குலுங்கிக் குலுங்கி, எச்சில் ஒழுக, பிள்ளை மாதிரி அழுதார். அக்கா அடுப்பை விட்டு ஓடி வந்து நின்றார். “கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இவரு அழுது நான் பாத்ததே இல்லம்மா” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் கீழே உட்கார்ந்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நான் போய் அண்ணனுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் இறங்கும் வரை இருந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். போய்ட்டு வரேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அக்காவும் என்னை வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து உள்ளே போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போய், துணி துவைக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சேலையோடு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன். சத்தம் கேட்டு மகள் துண்டோடு ஓடி வந்தாள்.

“அம்மா, என்ன ஆச்சு? யாரு தவறிட்டாங்க?”

“பேஸ் அண்ணனோட தம்பி” என்றேன்.